நல்லதும் கெட்டதும் மோதும் ஃபேன்டஸி நாவல்: எதிலிருந்து தொடங்கலாம்?

"பெரிய உலகம், மந்திரம், போர் எல்லாம் இருக்கணும், கடைசியில் நல்லவங்க ஜெயிக்கணும். அந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு ஃபேன்டஸி நாவல் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ரொம்ப நாளாக மாறவே இல்லை. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. ஆனால் கேட்டவர் அதை வாங்கி, எண்பது பக்கம் படித்துவிட்டு, "இன்னும் சொந்த ஊர் எல்லையையே தாண்டலையே" என்று அலமாரியில் வைத்துவிடுவதும் நடக்கிறது. அதனால் வெறும் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ', ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்', பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' ஆகிய மூன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கு எது சரிப்படும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். டோல்கீன் கதையின் முடிவை இங்கே வெளிப்படையாகப் பேசப்போகிறேன். படமாக வந்தே இருபது வருஷம் தாண்டிவிட்டது. மற்ற மூன்றின் முடிவுகளைச் சொல்லமாட்டேன்.

எதை வைத்து ஒப்பிடுவது? பக்க எண்ணிக்கை, மந்திரத்தின் விதிகள், போர்க்காட்சிகள் இவையெல்லாம் உண்டு. ஆனால் நல்லதும் கெட்டதும் மோதும் கதை என்று கேட்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது வேறு. இந்தக் கதையில் தீமை எங்கே குடியிருக்கிறது? அதைத் தோற்கடிப்பது எது? வில்லன் கறுப்பு அங்கி போட்டிருப்பதால் கெட்டவன், நாயகனின் வாள் பெரியதாக இருப்பதால் அவன் ஜெயித்தான் என்றால் அது வெறும் சண்டைக் கதை. நன்மை, தீமை என்பதெல்லாம் அதில் இரண்டு அணிகளின் ஜெர்ஸி நிறம், அவ்வளவுதான்.

இந்தக் காரணத்தாலேயே ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையை, அதாவது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூலக்கதையை, ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுகிறேன். பிரமாதமான எழுத்துதான். ஆனால் அவருடைய அக்கறை வேறு: நேர்மையான மனிதன் அரண்மனை அரசியலில் கால் வைத்தால் அவன் தலை என்ன ஆகும் என்பது. போதாததற்கு முதல் பாகம் 1996இல் வந்தது, ஐந்தாவது 2011இல் வந்தது, ஏழில் ஆறாவது இன்னும் வரவில்லை. முடிவே இல்லாத கதையை முதல் நாவலாக யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வராது. சி. எஸ். லூயிஸின் 'நார்னியா' வீட்டில் எட்டு, பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கட்டாயம் வாங்கலாம். பெரியவர்களுக்கு அதைத் தொடக்கமாகச் சொல்வதில்லை.

சரி, பெரியதிலிருந்தே வருவோம். 'வீல் ஆஃப் டைம்' மொத்தம் 14 பாகம். தனியாக ஒரு முன்கதையும் உண்டு. 40 லட்சம் சொற்களுக்கு மேல். முதல் பாகம் 1990இல் வந்தது, கடைசிப் பாகம் 2013இல். நடுவில் 2007இல் ஜோர்டான் இறந்துபோனார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டான் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகங்களையும் சாண்டர்சன் எழுதி முடித்தார். ஆக முடிவு இருக்கிறது. அந்த நிம்மதி உண்டு.

இதன் உலகம் நமக்குச் சட்டென்று பிடிபடும். காலம் சக்கரமாகச் சுழல்கிறது, ஏழு யுகங்கள் மாறி மாறி வருகின்றன, யுகத்தைத் தாங்கும் நாயகன் திரும்பத் திரும்பப் பிறக்கிறான். 'டார்க் ஒன்' எனப்படும் தீயசக்தி படைப்புக்கு வெளியே சிறைவைக்கப்பட்டிருக்கிறது. முந்தைய யுகத்தில் அதன் சிறையை மறுபடி அடைத்து முத்திரையிட்டபோது அது திருப்பி அடிக்கிறது. மந்திரசக்தியில் ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு உண்டு. அந்த அடியில் ஆண் பாதி நஞ்சாகிவிடுகிறது. அன்றிலிருந்து அந்தச் சக்தியைத் தொடும் ஆண் எவனும் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியமாவான்.

முதல் பாகம் திறக்கும் காட்சியே இதுதான். உலகத்தைக் காப்பாற்றிய லூஸ் தெரின் என்பவன் இடிந்த மாளிகைக்குள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரிகிறான். அவள் அங்கேயே செத்துக் கிடக்கிறாள். கொன்றவனே அவன்தான், ஆனால் அது அவனுக்குத் தெரியாது. எதிரி ஒருவன் வந்து அவன் சித்தத்தைத் தெளிய வைக்கிறான். இரக்கப்பட்டு அல்ல, தான் செய்ததை அவன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று. அந்த லூஸ் தெரினின் மறுபிறவிதான் கதாநாயகன் ராண்ட். உலகம் நம்பியிருப்பதும் அவனைத்தான், பயப்படுவதும் அவனைப் பார்த்துத்தான்.

ஜோர்டான் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர். ராண்ட் தன்னால் செத்துப்போன பெண்களின் பெயர்களை ஒரு பட்டியலாக மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே இருக்கும் இடங்களில், அந்த அனுபவத்தின் கனம் தெரிகிறது என்று நினைக்கிறேன். பொறுப்பு ஒருவனை எப்படிக் கல்லாக்குகிறது, கல்லாகிவிட்டால் அவனால் உலகத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இந்தப் பதினான்கு பாகத்தின் நிஜமான கேள்வி. நல்ல கேள்வி.

ஆனால் அதற்குப் போய்ச் சேருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஏழாம் பாகத்திலிருந்து கதை தளர்கிறது. 2000இல் வந்த ஒன்பதாம் பாகத்தின் கடைசியில் மிகப்பெரிய சம்பவம் ஒன்று நடக்கிறது. அடுத்து என்ன என்று 2003இல் பத்தாம் பாகத்தைத் திறந்தால், அந்தச் சம்பவம் நடந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கெங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே புத்தகத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. இப்போது படிப்பவர்களுக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை, வேகமாகப் புரட்டிவிடலாம். இருந்தாலும் நைனீவ் என்ற பெண் தன் பின்னலை இழுப்பதையும், பெண்கள் பாவாடை மடிப்பைச் சரிசெய்வதையும், யார் என்ன நிறத்தில் என்ன துணி உடுத்தியிருந்தார்கள் என்பதையும் படித்துப் படித்து அலுத்துப்போகும். கடைசிப் பாகத்தில் ஒரே அத்தியாயம் ஏறத்தாழ இருநூறு பக்கத்துக்கு நீள்கிறது, முழுக்கப் போர். அங்கே மட்டும் நீளம் உறுத்தவில்லை. இந்த வரிசையை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படியுங்கள். முதலாவதாக வேண்டாம்.

'மிஸ்ட்பார்ன்' இதற்கு நேர்மாறு. ஓட்டமான கதை, எளிமையான ஆங்கிலம். மூன்று பாகங்களும் 2006, 2007, 2008 என்று வருஷத்துக்கு ஒன்றாக வந்து முடிந்துவிட்டன. முதல் பாகமே தனிக்கதையாகவும் நிற்கும். தொடங்கும் இடமும் புதுசு: தீயவனை அழிக்கப் புறப்பட்ட நாயகன் தோற்றுப்போய் ஆயிரம் வருஷம் ஆகிவிட்டால்? 'லார்ட் ரூலர்' என்பவன் சாகாவரம் பெற்றவன் போல ஆண்டுகொண்டிருக்கிறான். வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது, செடிகொடிகள் பழுப்பாக இருக்கின்றன, இரவில் மூடுபனி இறங்குகிறது. ஸ்கா என்னும் அடிமைச் சனங்கள் சாம்பலைக் கூட்டித் தள்ளிக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த அரசைக் கவிழ்க்க ஒரு திருட்டுக் கும்பல் திட்டம் போடுகிறது. தலைவன் கெல்சியர். கூட வந்து சேரும் தெருப்பெண் வின்.

இதன் மந்திரம் விளையாட்டு விதிகள் மாதிரி துல்லியமானது. உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் 'எரித்தால்' ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு சக்தி கிடைக்கும். எஃகை எரித்தால் சுற்றியுள்ள உலோகங்களைத் தள்ளலாம், இரும்பை எரித்தால் இழுக்கலாம், தகரத்தை எரித்தால் புலன்கள் கூர்மையாகும். வின் ஒரு காசைத் தரையில் போட்டு, அதைக் கீழ்நோக்கித் தள்ளி, அந்த விசையில் கூரைக்கு மேல் எகிறுவாள். தள்ளப்படுவது தன்னைவிடக் கனமாக இருந்தால் தூக்கியெறியப்படுவது அவள்தான். இப்படி விதிகள் தெளிவாக இருப்பதால் சண்டைக்காட்சிகளில் ஏமாற்று வேலை கிடையாது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் இதுவரை பெரிய நாவல் எதுவும் படித்ததில்லை என்பவர்களுக்கு, தயங்காமல் இதைச் சொல்வேன்.

குறை என்ன? எல்லாம் திட்டமிட்டபடி, திருகாணி மாட்டியது போலக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தீமை என்பது இங்கே கடைசியில் தீர்க்கப்படும் ஒரு புதிர். மூன்றாம் பாகத்தின் முடிவில் "அடடா, இதுக்காகத்தான் அப்பவே அதைச் சொன்னாரா" என்று வாயைப் பிளப்பீர்கள். அந்த வியப்பு உண்மையானது. ஆனால் வியப்பு அடங்கிய பிறகு மனசைக் குடைகிற கேள்வி ஒன்றும் மிஞ்சுவதில்லை. இது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிற சாண்டர்சன் ரசிகர்கள் நிறைய உண்டு.

'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் வந்தது. ஏறத்தாழ இருநூறு பக்கம். இந்த நான்கில் டோல்கீனுக்குச் சவாலாக நிற்கக்கூடியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கடலும் தீவுகளுமான உலகம். கோன்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்த்த பையன் கெட், ரோக் தீவில் உள்ள மந்திரவாதிகளின் பள்ளிக்குப் படிக்கப் போகிறான். கெட்டிக்காரன், கர்வி. தன்னைச் சீண்டிய மூத்த மாணவன் ஒருவனுக்கு முன்னால் பவிசு காட்ட, செத்துப்போனவளின் ஆவியை வரவழைக்கிறான். திறந்த பிளவு வழியே கூடவே ஒரு நிழலும் வெளியே வந்து அவன்மேல் பாய்கிறது. பிளவை மூடுவதற்குள் பள்ளியின் தலைமை மந்திரவாதியின் உயிர் போகிறது. கெட்டின் முகத்தில் ஆயுசுக்கும் தழும்பு.

அதற்கப்புறம் நாவல் முழுக்க அந்த நிழல்தான். முதல் பாதியில் அது துரத்துகிறது, இவன் ஓடுகிறான். படை, கோட்டை, இருளரசன் ஒன்றும் கிடையாது. அவன் செய்த தப்பு அவன் பின்னாலேயே தீவு தீவாக வருகிறது. நடுவில் ஒரு இடம் உண்டு, நான் மறக்காதது. பென்டோர் தீவில் கிழ டிராகன் ஒன்றை கெட் எதிர்கொள்கிறான். பக்கத்துத் தீவு மக்களுக்கு அது ஆபத்து. எர்த்ஸீ உலகில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அது அடங்கும். "உன்னைத் துரத்துகிறதே, அதன் பெயரை நான் சொல்கிறேன்" என்று டிராகன் பேரம் பேசுகிறது. அவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியதெல்லாம் அந்தப் பெயர் ஒன்றுதான். இருந்தும் பேரத்தை மறுத்து, டிராகனின் உண்மைப் பெயரைச் சொல்லி அதை அடக்கி, 'இனி இந்தத் தீவுகள் பக்கம் வரமாட்டேன்' என்று டிராகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அந்த ஊர்க்காரர்களைக் காப்பாற்றுவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டான், அதனால். இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும் காட்சி. லெ குவின் அதற்கு ஒரு வாக்கியம்கூடப் பாராட்டு எழுதவில்லை.

பிறகு ஒரு கட்டத்தில் துரத்தல் திசை மாறுகிறது, இவன் நிழலைத் தேடிப் போகிறான். முடிவைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும்: நன்மைக்கும் தீமைக்குமான சண்டையை ஒரே மனிதனுக்குள் வைத்து இவ்வளவு சுருக்கமாக முடித்தவர்களை நான் படித்ததில்லை.

லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர். மக்கள், சடங்கு, பேச்சு இதையெல்லாம் லெ குவின் எழுதும்போது வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கும் தொனி வராது. கெட் செம்பழுப்புத் தோல்காரன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பன். வெள்ளைத் தோலோடு வருபவர்கள் கொள்ளையடிக்கும் கார்க்குகள். 1968இல் இதை அவர் அறிவிப்புப் பலகை வைக்காமல் போகிற போக்கில் செய்தார். பின்னாளில் டிவி தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியபோது வெளிப்படையாகவே கோபித்துக்கொண்டார். தொடர்ந்து 'டூம்ஸ் ஆஃப் அடுவான்', 'ஃபார்தெஸ்ட் ஷோர்' வந்தன. 1990இல் வந்த 'டெஹானு'வில் அதே உலகத்தை ஒரு விதவைப் பெண்ணின் வீட்டு வாசலிலிருந்து பார்த்தார். மந்திரவாதிகளின் பெருமை பாதி அங்கேயே கரைந்துவிடும். நேரம் இல்லாதவர்களுக்கு முதல் புத்தகம் ஒன்றே போதும். ஒரு வார இறுதிக்குள் முடித்துவிடலாம்.

இவ்வளவு நல்ல புத்தகம் கையில் இருக்கும்போது ஏன் டோல்கீன்? எர்த்ஸீயில் கெட் தன் நிழலை மட்டும் எதிர்கொண்டால் போதும். டோல்கீனில் தீமை உள்ளேயும் இருக்கிறது, வெளியே படை திரட்டிக்கொண்டும் நிற்கிறது. இரண்டையும் ஒரே கதையில் வைத்து, ஒன்றை மற்றதற்கு விடையாக்கியிருக்கிறார்.

ரொம்பப் பேர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்றால் வெள்ளை அங்கிக் கிழவரும் கறுப்புக் கோட்டையும் மோதும் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கறுப்புக் கோட்டையின் இருளரசன் சௌரான் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. ராவணனின் வீரத்தையும் காதலையும் துக்கத்தையும் கம்பனில் படித்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் அவன் வராததால் கதை முழுக்க நம் கண், அவன் தன் சக்தியை வைத்துச் செய்த மோதிரத்தின் மேலேயே இருக்கிறது. அது யார் கைக்குக் கிட்டே வந்தாலும் அவரவரின் நல்ல ஆசையைப் பிடித்துத்தான் இழுக்கிறது. மோதிரத்தை அழிக்கப் போகும் நாயகன் ஃப்ரோடோ அதை மந்திரவாதி கேண்டால்ஃபிடம் நீட்டும்போது அவர் பதறிப்போய் மறுக்கிறார். இரக்கத்தால், நல்லது செய்யும் ஆசையால்தான் தான் அதை எடுப்பேன், அங்கிருந்துதான் நாசம் தொடங்கும் என்கிறார். வனராஜ்யத்தின் தலைவி கலாட்ரியல் மறுக்கிறாள். கூட வரும் வீரன் போரோமிர் மறுக்க முடியாமல் விழுகிறான். அவன் கெட்டவனே அல்ல. எதிரி வாசலில் நிற்கும் நகரத்தைக் காப்பாற்றத் துடிப்பவன்.

இனி முடிவுக்கு வருவோம். அத்தனை மலை, சதுப்பு, பட்டினி எல்லாம் தாண்டி மோதிரத்தை அழிக்க வேண்டிய எரிமலையின் வாய்க்கே ஃப்ரோடோ வந்துவிடுகிறான். அங்கே நின்று, 'நான் செய்ய வந்ததைச் செய்யப்போவதில்லை, இது என்னுடையது' என்று மோதிரத்தை விரலில் மாட்டிக்கொள்கிறான். கதாநாயகன் தோற்றுப்போகிறான். இந்த வகையில் வந்த கதைகளுக்கெல்லாம் மூலக்கதை என்று சொல்லப்படும் நாவலில், உச்சக்கட்டத்தில், நல்லவன் தோற்கிறான். மோதிரத்தை அழிப்பது, அதன் பழைய அடிமை கோல்லம். ஃப்ரோடோவின் விரலோடு சேர்த்துக் கடித்துப் பறித்து, கூத்தாடி, கால் தவறி நெருப்புக்குள் விழுகிறான்.

தற்செயல் மாதிரி தெரியும். ஆனால் கோல்லம் அங்கே உயிரோடு இருப்பதற்கு ஒரு நீண்ட சங்கிலி உண்டு. பல வருஷத்துக்கு முன்னால், ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ அவனைக் குத்திக் கொன்றிருக்கலாம், பாவம் பார்த்து விட்டான். "அப்பவே கொன்னிருக்கலாமே" என்று ஃப்ரோடோ சொல்வதும், கேண்டால்ஃப் அவனைக் கண்டிப்பதும் இரண்டாம் அத்தியாயத்திலேயே வருகிறது. பிறகு ஃப்ரோடோவின் கையிலேயே கோல்லம் சிக்குகிறான். நேரில் பார்த்ததும் ஃப்ரோடோவுக்கும் இரக்கம் வந்துவிடுகிறது. கடைசியில் எரிமலைச் சரிவில் ஃப்ரோடோவின் தோழன் சாம் வாளோடு நிற்கிறான், கோல்லம் மண்ணில் கிடந்து கெஞ்சுகிறான். கொஞ்ச நேரம்தான் என்றாலும் மோதிரத்தைத் தானும் சுமந்திருந்த சாமால் வெட்ட முடியவில்லை. இந்த மூவரில் யாராவது ஒருவர் 'நியாயமானதை'ச் செய்திருந்தால் உலகம் அழிந்திருக்கும். படைகள் செய்ய முடியாததை மூன்று பேரின் இரக்கம் செய்கிறது. அதற்காகத்தான் இந்த நாவலை முதலில் நிறுத்துகிறேன்.

இரக்கம் எப்போதும் பலிக்கும் என்றும் டோல்கீன் பசப்பவில்லை. சிரித் உங்கோல் என்னும் மலைக்கணவாயின் படிக்கட்டில் ஒரு காட்சி. ஃப்ரோடோவும் சாமும் அசந்து தூங்குகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கத் திட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வரும் கோல்லம் அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். முகத்தில் இருந்த வெறி தணிகிறது. நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்த நொடியில் அவன் நைந்துபோன ஒரு கிழவன், அவ்வளவுதான். சாம் கண் விழிக்கிறான், அதட்டுகிறான். நல்ல மனசுக்காரனான சாமின் ஒரு கடுஞ்சொல்லில் கோல்லம் திருந்தக்கூடியதாக இருந்த அந்த வாய்ப்பு போய்விடுகிறது. கதையிலேயே பெருந்துயரமான தருணம் தனக்கு இதுதான் போலும் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். படத்தில் இந்தக் காட்சி இப்படி இல்லை. புத்தகத்தைப் படிக்கச் சொல்ல இந்த ஒரு பக்கமே போதுமான காரணம்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அதற்கு முன்னால் சிப்பாய்களோடு பதுங்குகுழியில் கிடந்தவர். 1916இல் முதல் உலகப்போரின் சோம் போர்முனையில் சிக்னல் அதிகாரியாக இருந்து, பதுங்குகுழிக் காய்ச்சலோடு நாடு திரும்பினார். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள். தண்ணீருக்குள் பிணங்களின் முகங்கள் தெரியும் சதுப்பு நிலக் காட்சிக்கு, சோம் சண்டைக்குப் பிந்தைய வடக்கு பிரான்ஸுக்கும் பங்கு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிரிப் படைவீரன் ஒருவன் சாமின் காலடியில் செத்து விழும் இடத்தையும் கவனியுங்கள். இவன் பேர் என்ன, எந்த ஊர், நிஜமாகவே கெட்டவனா, இல்லை பொய் சொல்லியோ மிரட்டியோ இவ்வளவு தூரம் கூட்டி வந்தார்களா என்று சாம் யோசிக்கிறான். கறுப்பு வெள்ளைக் கதை என்று இதைச் சொல்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

குறைகள் இருக்கின்றன, மறைக்கப்போவதில்லை. சௌரானின் படையிலுள்ள ஓர்க்குகள் என்னும் இனத்தில் ஒருவர்கூடத் திருந்தியதாகக் கதையில் இல்லை. ஒரு இனமே பிறவியிலேயே கெட்டது என்றால் இரக்கம் பற்றிச் சொன்னதெல்லாம் என்னாவது? இது டோல்கீனையே உறுத்தியது. ஓர்க்குகள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பிற்காலத்தில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார், ஒரு முடிவுக்கு வரவில்லை. மோதிரத்தோடு புறப்படும் ஒன்பது பேரில் ஒரு பெண் கிடையாது. அரசகுலப் பெண் ஏயோவின் வந்து சௌரானின் தளபதியான சூனியக்கார அரசனை வீழ்த்தும் அத்தியாயம் அற்புதம்தான், ஆனால் அவள் ஒருத்தி. இந்த விஷயத்தில் ஜோர்டான் எவ்வளவோ மேல், ஊர் நிறையப் பெண்கள், எல்லோருக்கும் அதிகாரம். பாட்டுகள் வேறு. யாராவது மலையைப் பார்த்தால் ஒரு பாட்டு, குளித்தால் ஒரு பாட்டு. நிஜமாகவே குளியல் பாட்டு ஒன்று இருக்கிறது. முதல் வாசிப்பில் பாட்டுகளைத் தாண்டினால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆக, தேர்வு உங்கள் நிலைமையைப் பொறுத்தது. இரண்டு மாதம் தினமும் கொஞ்சம் ஒதுக்க முடியும், மெதுவாகத் தொடங்கும் கதை பரவாயில்லை என்றால் டோல்கீன். வேலை நெருக்கடி, கிடைப்பது ஒரு சனி ஞாயிறுதான் என்றால் எர்த்ஸீ. அங்கே நடை நிதானமானது, ஒரு சொல் அதிகம் இருக்காது. விறுவிறுவென்று பக்கம் நகர வேண்டும், படிக்கும் பழக்கமே விட்டுப்போய்விட்டது என்றால் மிஸ்ட்பார்ன் முதல் பாகம். அது பிடித்துப்போய், இன்னும் பெரிய உலகம் வேண்டும் என்று தோன்றினால் வீல் ஆஃப் டைம். அதிலும் முதல் மூன்று பாகங்களை மட்டும் வாங்கிப் பாருங்கள். 14ஐயும் பெட்டியோடு வாங்கிவிட்டு விழிக்க வேண்டாம்.

டோல்கீனைத் தேர்ந்தெடுத்தால் சில யோசனைகள். மூன்று பாகமாக 1954, 55இல் வந்தது. தனித்தனிக் கதைகள் அல்ல, ஒரே நாவலின் மூன்று துண்டுகள். ஒன்றை மட்டும் வாங்கினால் கதை நடுவில் நின்றுவிடும். ஒரே தொகுதியாகவும் கிடைக்கிறது, ஆனால் படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மூன்று துண்டாகவே வாங்குங்கள், மணிக்கட்டு பிழைக்கும். வரைபடம் இருக்கும் பதிப்பா என்று பார்த்து வாங்குவது முக்கியம். ஃப்ரோடோவின் இனமான ஹாபிட்டுகளின் பழக்கவழக்கம், புகையிலை வரலாறு என்று போகும் முன்னுரையைத் தாண்டி நேரே முதல் அத்தியாயத்துக்குப் போய்விடலாம். டாம் பாம்படில் என்றொருவர் வந்து ஆடிப் பாடும் பகுதி முதல் பாகத்திலேயே வரும். நிறையப் பேர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். அதைக் கடந்துவிட்டால் பயமுறுத்தும் குதிரை வீரர்களும் பிரீ ஊர் விடுதியும் வந்துவிடும், அப்புறம் உங்களைத் தள்ள வேண்டியதில்லை. ஆங்கிலம் கனமாகப் பட்டால் ஆண்டி செர்கிஸ் குரலில் ஆடியோ புத்தகம் 2021இல் வந்திருக்கிறது. படத்தில் கோல்லமாக நடித்தவர் அவரேதான். காதில் கேட்டுக்கொண்டே பக்கத்தையும் பார்த்தால் பழைய நடை சீக்கிரம் பழகிவிடும்.

மோதிரம் அழிந்ததும் கதை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். அதற்கப்புறம் ஆறு அத்தியாயம் இருக்கிறது. ஊர் திரும்பினால் ஊரே களவு போயிருக்கிறது: மரங்கள் வெட்டப்பட்டு, விதிமுறைப் பலகைகள் மாட்டப்பட்டு, வெளியூர் ரௌடிகள் அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார்கள். படம் இதை விட்டுவிட்டது. அங்கே ஃப்ரோடோ வாளை உருவவே இல்லை, தன்னைக் குத்த வந்தவனையும் கொல்ல வேண்டாம் என்று தடுக்கிறான். கடைசியில் உள்ள பின்னிணைப்புகளில் ஆரகார்ன், ஆர்வென் இருவரின் காதல் கதை வரும் சில பக்கங்களை மட்டும் தேடிப் படியுங்கள். வம்சாவளி, நாட்காட்டி, எழுத்துமுறை எல்லாம் இரண்டாவது தடவைக்கு.